பலூன் ஏன் பின்பக்கம் போனது?

நாய் ஒன்று திடீரென்று குறுக்கே ஓடியதால் பிரேக்கைச் சற்றுப் பலமாக அழுத்த வேண்டியதாயிற்று. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பை முன்னால் சரிந்தது. தண்ணீர்ப் புட்டி உருண்டு என் காலடிக்கு வந்தது. நானும் பின்னிருக்கையில் இருந்த மகளும் முன்னோக்கிச் சாய்ந்தோம். அவள் நூலைப் பிடித்துக்கொண்டிருந்த ஹீலியம் பலூன் மட்டும் எதிர்த்திசையில் போய்ப் பின்கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி வண்டியை எடுத்தபோது பை பின்னால் சாய, பலூனோ முன்னால் வந்து என் தோளை உரசியது. "அம்மா, எல்லாம் முன்னாடி வந்துச்சு, இது மட்டும் ஏன் பின்னாடி போச்சு?" என்று அவள் கேட்டாள். சன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஆகவே வெளிக்காற்று அடித்தது என்று காரணம் சொல்லவும் வழியில்லை.

ஹீலியம் லேசான வாயு, அதனால் மேலே போகும் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த வாக்கியம். சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகும் என்பது அதன் உடன்பிறப்பு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இந்த வாக்கியங்களில் 'மேலே' என்ற ஒரே திசைதான் இருக்கிறது. பலூன் பின்பக்கம் போனதற்கு அவற்றிடம் பதில் இல்லை. லேசாக இருப்பதற்கும் மேலே போவதற்கும் இடையில் நாம் சொல்லாமல் தாண்டிவிடும் ஒரு படி இருக்கிறது என்பதும், விளக்கம் முழுவதும் அந்தப் படியில்தான் அடங்கியிருக்கிறது என்பதும் அதன்பின் பல நாட்கள் யோசித்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹீலியத்துக்கும் எடை உண்டு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ 166 கிராம் எடையுள்ளது. ஒரு கல்லை இழுப்பதைப் போலவே பூமி அதையும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. அடுப்புக்கு மேலே எழும் சூடான காற்றுக்கும் இது பொருந்தும். எடை குறைவாக இருப்பது மெதுவாகக் கீழே விழுவதற்குக்கூடக் காரணமாகாது, காற்றில்லாத குழாயில் இறகும் கல்லும் ஒன்றாகவே விழுகின்றன என்னும்போது, அது மேலே போவதற்கு மட்டும் எப்படிக் காரணமாகும்? நெருப்புக்கு இயல்பான இடம் மேலே, மண்ணுக்கு இயல்பான இடம் கீழே, ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தேடிப் போகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். அந்தக் கருத்தை நாம் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. ஆனாலும் 'லேசானது, அதனால் மேலே போகும்' என்று மட்டும் சொல்லி நிறுத்தும்போது, வாயுவுக்குள் மேலே போகும் ஒரு விருப்பம் குடியிருப்பதாகவே கேட்பவர் மனத்தில் பதிகிறது.

அந்த விருப்பம் வாயுவுக்குள் இல்லை. தள்ளுவது சுற்றியுள்ள காற்று. அது எப்படித் தள்ளுகிறது என்பதைப் பார்க்க, ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள ஒரு கற்பனைப் பெட்டியை அறையின் நடுவே வைத்துக்கொள்வோம். பெட்டிக்குச் சுவர்கள் இல்லை. காற்றில் மனத்தால் கோடு கிழித்த ஓர் இடம், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் காற்று 20 டிகிரியில் ஏறத்தாழ 1.2 கிலோ. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் வளிமண்டலம் ஏறத்தாழ 10 டன் எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறது. பெட்டியின் மேல்பரப்பைக் காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. கீழ்ப்பரப்பை மேல்நோக்கி அழுத்துகிறது. இரண்டும் மிகப் பெரிய விசைகள், ஆனால் சரிசமமானவை அல்ல. ஒரு மீட்டர் கீழே இருக்கும் பரப்பு, தனக்கு மேலே உள்ள காற்றில் கூடுதலாக ஒரு மீட்டர் உயரத்தைச் சுமக்கிறது. ஆகவே அங்கே அழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 12 நியூட்டன் விசை, அதிகம். மொத்த அழுத்தம் 1,01,325 பாஸ்கல் என்று நினைவில் கொண்டால், இந்த வேறுபாடு அதில் ஏறத்தாழ 8,600-இல் ஒரு பங்குதான். இந்தச் சிறு வேறுபாடுதான் உலகில் உள்ள எல்லாப் புகையையும் எல்லாப் பலூன்களையும் மேலே ஏற்றுகிறது.

கீழிருந்து வரும் அந்த மிகையான 12 நியூட்டன் விசை, 1.2 கிலோ காற்றின் எடைக்குச் சரியாகச் சமம். அதனால்தான் அறையின் நடுவே உள்ள காற்று கீழே விழாமல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அது எடையற்றதால் நிற்கவில்லை. கீழே உள்ள காற்று அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு, அதே இடத்தில் வேறொன்றை வைப்போம். சுற்றியுள்ள காற்றுக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது. அதன் அழுத்தம் உயரத்தைப் பொறுத்ததே தவிர, உள்ளே இருக்கும் பொருளைப் பொறுத்ததல்ல. ஆகவே அது முன்பு கொடுத்த அதே 12 நியூட்டன் விசையை எது வந்தாலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே 100 டிகிரிக்குச் சூடேறிய காற்று இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 0.95 கிலோ, ஒரு கால் கிலோ அளவுக்குத் தூக்கும் வலு மிச்சமாகிறது. ஹீலியம் இருந்தால் மிச்சம் 1.04 கிலோ. ஹைட்ரஜன் இருந்தால் 1.12 கிலோ. கல் இருந்தாலும் காற்று அதே 12 நியூட்டனைக் கொடுக்கத்தான் செய்கிறது; கல்லின் எடைக்கு முன் அது எந்த மூலைக்கும் போதாது. அம்மி ஆழ்வதும் சுரைக்குடுக்கை மிதப்பதும் தண்ணீரில் எந்தக் கணக்கின்படி நடக்கிறதோ, காற்றிலும் அதே கணக்குதான்: ஆர்க்கிமிடீஸ் தண்ணீரை வைத்துச் சொன்னது, காற்றின் கடலடியில் வாழும் நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஹைட்ரஜனின் அடர்த்தி ஹீலியத்தின் அடர்த்தியில் பாதிதான். ஆனாலும் ஹைட்ரஜன் பலூன் இரண்டு மடங்கு தூக்குவதில்லை. மேலே உள்ள எண்களைப் பார்த்தால் தெரியும், ஹீலியம் அதில் 93 விழுக்காடு தூக்கிவிடுகிறது. தூக்குவது வாயு என்று நினைத்தால் இது புதிராக இருக்கும். தூக்குவது வெளிக்காற்று, உள்ளிருக்கும் வாயு அந்தத் தூக்குதலிலிருந்து தன் எடையைக் கழித்துக்கொள்கிறது என்று பார்த்தால் புதிர் இல்லை. இந்தக் கழித்தல் கணக்கின் கடைசி எல்லையை 1670-இலேயே ஒருவர் எட்டிப்பார்த்தார். மெல்லிய செப்புக் கோளங்களிலிருந்து காற்றை முழுவதுமாக வெளியேற்றிவிட்டால் அவை ஒரு படகையே தூக்கிச் செல்லும் என்று இத்தாலியைச் சேர்ந்த பாதிரியார் பிரான்செஸ்கோ லானா எழுதினார். கொள்கை அளவில் அது சரி; வெற்றிடம் கன மீட்டருக்கு முழு 1.2 கிலோவையும் மிச்சம் வைக்கும். நடைமுறையில், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10 டன் எடைக்குச் சமமான விசை அழுத்தும்போது, தூக்கக்கூடிய அளவுக்கு மெல்லிதாக அடித்த செப்புத்தகடு நசுங்கிவிடும். ஆனால் அந்தக் கோளத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதற்குள் ஒன்றுமே இல்லை. மேலே போக விரும்புவதற்கு அங்கே ஒரு வாயு கிடையாது. இருந்தும் எல்லாவற்றையும்விட வலுவாக மேலே தள்ளப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

சூடான காற்றுக்கு ஏன் எடை குறைகிறது என்பது அடுத்த கேள்வி. ஒரு மூலக்கூறின் எடை சூட்டினால் குறைவதில்லை. சூடேறும்போது மூலக்கூறுகள் இன்னும் வேகமாக ஓடி, சுற்றியுள்ளவற்றை இன்னும் பலமாக இடித்து, தமக்கென்று கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. திறந்த வெளியில் அழுத்தம் உடனுக்குடன் சமமாகிவிடுவதால், முடிவில் மிஞ்சுவது அதே அழுத்தமும் குறைந்த நெருக்கமும்தான். ஒரு கன மீட்டருக்குள் நிற்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. லேசான வாயுக்களில் நடப்பது வேறு. அவற்றில் எண்ணிக்கை குறைவதில்லை. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் எந்த வாயுவை எடுத்தாலும் சம கொள்ளளவில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று அவகாட்ரோ 1811-இல் சொன்னார். ஆகவே ஒவ்வொரு மூலக்கூறின் எடையை ஒப்பிட்டாலே போதும். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடையை ஏறத்தாழ 1 என்று வைத்துக்கொண்டால்: காற்றின் சராசரி ஏறத்தாழ 29, ஹீலியம் 4, ஹைட்ரஜன் 2, மீத்தேன் 16, கார்பன் டை ஆக்சைடு 44. நீராவி 18 என்பதைக் கவனிக்க வேண்டும். புழுக்கமான நாளில் காற்று கனத்துக் கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள வறண்ட காற்றைவிட ஈரக்காற்று லேசானது, ஏனெனில் 28 எடையுள்ள நைட்ரஜனுக்கும் 32 எடையுள்ள ஆக்சிஜனுக்கும் உரிய இடங்களில் சிலவற்றை 18 எடையுள்ள நீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேகங்கள் வானில் குவிந்து எழுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த இடத்தில் ஒரு தவறான விளக்கத்தை நான் பொறுமையாகவே மறுக்க விரும்புகிறேன், ஏனென்றால் நானே பல ஆண்டுகள் அதை நம்பியிருந்தேன். சூடான மூலக்கூறுகள் வேகமாக ஓடுவதால் அவை மேலே தாவிவிடுகின்றன என்பது அந்த விளக்கம். சாதாரண அறைக் காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் அது கடக்கும் தூரம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத, ஏறத்தாழ 70 நானோமீட்டர் மட்டுமே. ஒரு நொடியில் பல நூறு கோடி முறை மோதி, ஒவ்வொரு முறையும் திசை மாறும் ஒரு துகளுக்கு மேல் எது, கீழ் எது என்ற கணக்கெல்லாம் கிடையாது. மேலே எழுவது தனி மூலக்கூறின் செயல் அல்ல. ஒரு திரளாகச் சேர்ந்து நிற்கும் காற்றை, அதைவிட அடர்ந்த காற்று கீழே வந்து இடம்பிடித்து நெம்பித் தள்ளும் செயல்.

இது வெறும் சொல்வேறுபாடு அல்ல. பலூன் வெடித்து ஹீலியம் அறைக் காற்றோடு கலந்துவிட்டால், அந்த ஹீலியம் பிறகு தனியாகப் பிரிந்து கூரைக்குப் போய்ச் சேர்வதில்லை. கலந்தது கலந்ததுதான். வளிமண்டலம் எடைவாரியாக அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கவில்லை; நைட்ரஜனும் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேல்வரை பெரும்பாலும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கின்றன. அதற்கும் வெகு மேலே, மோதல்கள் அரிதாகிவிட்ட இடத்தில்தான் லேசானவை தனியே பிரிகின்றன. 1974-இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் என்னும் வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று எழுதியபோது, காற்றைவிட நான்கு மடங்கு கனமான மூலக்கூறு அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போகும் என்ற மறுப்பு எழுந்தது. கேட்பதற்கு நியாயமாகப்பட்ட மறுப்பு அது. ஆனால் மேலடுக்கு வளிமண்டலத்திலிருந்து எடுத்த மாதிரிகளில் அந்த வாயுக்கள் இருந்தன. காற்றோடு நன்றாகக் கலந்துவிட்ட பிறகு ஒரு வாயு காற்று போகும் இடமெல்லாம் போகிறது. அதன் எடை அங்கே பேசுவதில்லை.

கலக்காமல் திரளாக நிற்கும்போது எடை எப்படிப் பேசுகிறது என்பதற்குத் துயரமான சான்று ஒன்று இருக்கிறது. கேமரூன் நாட்டில் நியோஸ் என்ற எரிமலைவாய் ஏரியின் ஆழத்தில் கரைந்து கிடந்த கார்பன் டை ஆக்சைடு, 1986 ஆகஸ்ட் 21 இரவு ஒரேயடியாகப் பொங்கி வெளியேறியது. காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்ந்த அந்த வாயு மேலே கலைந்து போகாமல், பள்ளத்தாக்குகளின் வழியே தண்ணீரைப் போலக் கீழே இறங்கி ஓடி, உறங்கிக்கொண்டிருந்த ஊர்களை மூடியது. ஏறத்தாழ 1,700 பேர் இறந்தார்கள். வீட்டு எரிவாயு சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் இதே வகை, காற்றைவிட அடர்ந்தவை. கசிந்தால் தரையை ஒட்டியே தேங்கும். அதனால்தான் அவற்றுக்கான கசிவு உணரியைத் தரைக்கு அருகிலும், குழாய்வழி வரும் மீத்தேனுக்கான உணரியைக் கூரைக்கு அருகிலும் பொருத்துகிறார்கள்.

மனிதர் வானில் ஏறிய 1783-ஆம் ஆண்டின் கதையை இந்தக் கோணத்திலிருந்து படிக்க எனக்குப் பிடிக்கும். பிரான்சில் காகிதத் தொழில் செய்த மோன்கோல்பியே சகோதரர்கள் அந்த ஆண்டு ஜூன் 4 அன்று அனோனே என்ற ஊரில் தங்கள் பலூனை எல்லோர் முன்னிலையிலும் ஏற்றினார்கள். வைக்கோலும் கம்பளியும் எரிந்து வரும் புகையில் மேலெழும் தன்மையுள்ள தனி வாயு ஒன்று இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனை முன்பாக ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் ஏறின. நவம்பர் 21 அன்று பாரிஸில் பிலாத்ர் தெ ரோசியேயும் மார்க்கி தார்லாந்தும் ஏறினார்கள். நம்பிக்கை தவறு, பலூன் பறந்தது, ஏனெனில் புகையோடு சூடும் சேர்ந்தே வந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் ழாக் சார்ல் வேறு வழியில் போனார். ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் கேவண்டிஷ் 1766-இலேயே அளந்து காட்டியிருந்தார். சார்ல் இரும்பின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றி அந்த வாயுவைத் தயாரித்து, டிசம்பர் 1 அன்று ரொபேர் என்ற துணைவருடன் ஏறினார். ரொபேர் இறங்கிய பிறகு ஓர் ஆளின் எடை குறைந்த பலூன், தனித்திருந்த சார்லை ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைந்து தூக்கிச் சென்றது. கீழே மறைந்துவிட்ட சூரியனை அவர் மறுபடியும் கண்டார்.

சூடான காற்றில் பறக்கும் பலூனின் வாய் கீழே திறந்தே இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே இருக்கும் காற்றை அடைத்துவைக்க வேண்டிய தேவையே இல்லையா என்று தோன்றும். வாயருகே உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம். அதனால் அங்கே எதுவும் பீறிட்டு வெளியேறுவதில்லை. அங்கிருந்து மேலே போகப் போக அழுத்தம் இரண்டு பக்கமும் குறைகிறது, ஆனால் உள்ளே இருப்பது லேசான காற்றாதலால் உள்ளே குறைவது மெதுவாகவும் வெளியே குறைவது வேகமாகவும் நடக்கிறது. 20 மீட்டர் மேலே உச்சிக்குப் போய்ச் சேரும்போது உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட ஏறத்தாழ 50 பாஸ்கல் கூடியிருக்கும். சதுர மீட்டருக்கு 5 கிலோ எடைக்குச் சமம். பலூனின் துணியைத் தூக்கி நிறுத்துவதும், கூடையையும் ஆட்களையும் சுமப்பதும் உச்சித் துணியில் விழும் இந்த அழுத்தம்தான். 2,500 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூனுக்கு, வெளியே 20 டிகிரியும் உள்ளே 100 டிகிரியும் இருந்தால், அது மொத்தம் 600 கிலோவுக்கு மேல் தூக்கிவிடும்.

சூடான காற்று மேலே போகும் என்றால் மலையுச்சி ஏன் குளிர்கிறது என்ற கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். மேலே போகும் காற்று அழுத்தம் குறைந்த இடத்தை அடைந்து விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் சூட்டிலிருந்தே செலவழிக்கிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் 9.8 டிகிரி குளிர்ந்துவிடும். சுற்றியுள்ள காற்றின் அளவுக்குத் தானும் குளிர்ந்துவிட்ட கணத்தில் அதைத் தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

இவ்வளவையும் கண்ணால் பார்க்க ஒரு மெழுகுவர்த்தி போதும். காற்றோட்டம் இல்லாத அறையில் அதை ஏற்றி, அப்போதுதான் அணைத்த தீக்குச்சியைச் சுடரின் அடிப்பக்கத்துக்கு அருகில், ஒரு விரல் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். தீக்குச்சியின் புகை முதலில் நேராக மேலே போகவில்லை. பக்கவாட்டில் வளைந்து, திரியின் அடியை நோக்கி நழுவி, சுடரைத் தொட்ட பிறகே கிறுகிறுவென்று மேலே ஏறியது. குளிர்ந்த காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கீழே புகுந்து சூடான காற்றை மேலே நெம்புவதை அந்தப் புகை வரைந்து காட்டியது. சுடர் நீண்டு கூர்மையாக நிற்பதும் இந்த ஓட்டத்தால்தான். எடையை உணராத விண்கலத்தில் எரியவிட்ட மெழுகுவர்த்தியின் சுடர் கூர்மையாக இல்லை; சிறியதாக, ஏறக்குறைய உருண்டையாக, நீலமாக இருந்தது. அங்கே காற்றுக்கு எடை தெரிவதில்லை, ஆகவே கீழே அழுத்தம் கூடுவதில்லை, ஆகவே சூடான காற்றை எதுவும் தள்ளுவதில்லை. விண்வெளி நிலையத்தில் மின்விசிறிகள் ஓய்வின்றிச் சுழல வேண்டியிருப்பதற்கும் இது ஒரு காரணம். இல்லாவிட்டால் உறங்குபவர் வெளிவிடும் மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும்.

ஆக, மேலே எழச் செய்வது ஈர்ப்புதான். கீழே இழுக்கும் அதே விசை, அடர்ந்ததை அதிகமாக இழுத்து, அந்த இழுப்பினால் லேசானதை மேலே ஏறவைக்கிறது. மகளுடைய கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. பிரேக் போட்டபோது காருக்குள் இருந்த காற்றும் பையைப் போலவே முன்னால் போகப் பார்த்தது. முன்கண்ணாடிப் பக்கம் அழுத்தம் சற்றே கூடியது, பின்பக்கம் சற்றே குறைந்தது. காருக்குள் அந்த ஒரு கணம் 'கீழே' என்பது முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்றே சொல்லலாம். பலூன் வழக்கம்போல அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டது. இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப காத்துதான் முதல்ல முன்னாடி வந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம், அதை நாம்தான் பார்க்கவில்லை என்றேன்.

பலூன் அன்றிரவு கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள அது ஏறத்தாழ 14 கிராம் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்த ஹீலியம் 2 கிராம்கூட இராது. ரப்பருக்கும் நூலுக்கும் இன்னும் சில கிராம் போனாலும், மிச்சமிருந்தது கூரையில் அழுந்தி நிற்கப் போதுமான வலு. மறுநாள் மாலைக்குள் ரப்பரின் ஊடே ஹீலியம் கசிந்து, பலூன் சுருங்கி, கூரையை விட்டு இறங்கி, தரையிலிருந்து ஓராள் உயரத்தில் அசையாமல் நின்றது. நூலின் கீழ்ப்பகுதி தரையில் சுருண்டு கிடந்தது. மகள் பலூனைக் கீழே இழுத்துப் பிடித்துவிட்டு விட்டாள். தரையில் கிடந்த நூலை ஒவ்வொரு சுருளாகத் தூக்கிக்கொண்டு அது மெல்ல ஏறி, தூக்கிய நூலின் எடையும் காற்றின் தள்ளலும் சமமான அதே உயரத்தில் மறுபடி நின்றது. அன்றிரவு பலமுறை அதை இழுத்து விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சற்றுத் தாழ்வாக நின்றது.